முள்ளோடையில் கொட்டிய தக்காளி

இனியவன் என்றுதான் பெயர் வைத்தோம்.
ஆல்பேட்டை தாண்டுவதற்குள்
பேருந்து அவனுக்கு வேறு நாலு பெயர் வைத்துவிட்டது.

கேட்டது ஒரு விசில்.
கண்டக்டர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஆடிய
அந்த ஒன்றே ஒன்று.
"அது வேலை பார்க்கிற சாமான், தம்பி" என்றார்.
நல்ல மனிதர்தான்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் முனகலாக இருந்தது
ரெட்டிச்சாவடியில் அலறலாகி,
முள்ளோடையில் என் பிள்ளை
இருக்கைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான்.
உதைத்த உதையில் ஒரு கட்டைப்பை சாய்ந்தது.

தக்காளி.
இரண்டு கிலோவாவது இருக்கும்.
பிரேக் போட்டால் முன்னே ஓடுகின்றன,
வண்டி எடுத்தால் பின்னே வருகின்றன.

முதுகில் ரெண்டு வை, என்றது ஒரு குரல்.
பிஸ்கட் இருந்தா குடும்மா, என்றது இன்னொன்று.
கல்லூரிப் பெண் ஒருத்தி செல்போனில்
பொம்மைப் படம் போட்டு நீட்டினாள்.
வந்த வேலையை முள்ளோடையில் முடித்துக்கொண்டு ஏறியவர்
கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு
"வளர்ப்பு சரியில்ல" என்றார்.
கம்பிதான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

கை ஓங்கிவிட்டேன்.

போன மாதம் மஞ்சக்குப்பத்தில், மருந்துக்கடை வாசலில்
இதே கை இறங்கியிருக்கிறது.
அடித்த மறுநொடி எல்லோரும்
அவரவர் மருந்துச் சீட்டுக்குத் திரும்பினார்கள்.
வரிசை நகர்ந்தது.
அன்றிரவு சோறு ஊட்டக் கை நீட்டினேன்.
கண்ணை இறுக மூடிக்கொண்டு
வாயைத் திறந்தான்.
அந்த அடி அவனுக்கில்லை.
பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் எடுத்த டிக்கெட்.

ஓங்கிய கையை என்ன செய்வது?
கம்பியைப் பிடித்தேன்.
பிறகு அதையும் விட்டுவிட்டு
வளைகாப்புக்கென்று கட்டிய அரக்குப் பட்டோடு
பேருந்தின் தரையில் உட்கார்ந்தேன்.

கீழே வேறொரு பேருந்து ஓடுகிறது.
செருப்புகள், கிழிந்த டிக்கெட், கடலைத் தோல்,
யாரோ ஒருத்தியின் கால் விரலில்
பாதி அழிந்த மருதாணி.
எஞ்சின் நேராக வயிற்றுக்குள் நடுங்குகிறது.
இவ்வளவு நேரம் இங்கிருந்துதான் கத்தியிருக்கிறான்.

"விசில் கிடைக்காது" என்றேன்.
"அழலாம். உதைக்கக் கூடாது.
தக்காளி அந்த அக்காவோடது."
அதற்கு மேல் என்னிடமும் சொல் இல்லை.
கன்னியக்கோவில் போயிற்று, கிருமாம்பாக்கம் போயிற்று.
அவன் நிறுத்தவில்லை,
நான் எழவில்லை.

தவளக்குப்பத்தில்
மூக்கை என் முந்தானையில் துடைத்துவிட்டுத்
தவழத் தொடங்கினான்.
ஒண்ணு, ரெண்டு, ஏழு, பத்து என்று
அவன் கணக்கில் பொறுக்கினோம்.
வழியில் இருந்த கால்கள் தாமாகத் தூக்கிக்கொண்டன.
வளர்ப்பு சரியில்லை என்றவரின் செருப்படியில்
ஒன்று நசுங்கியிருந்தது.
அதையும் எடுத்துப் பையில் போட்டான்.
மன்னிப்புக் கேள் என்றேன்.
கேட்கவில்லை.
நசுங்கியதை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு
"இருபது ரூபா" என்றாள் அந்த அக்கா.
அவன் பார்க்க எண்ணிக் கொடுத்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஏன் சிரிக்க வேண்டும்?

முதலியார்பேட்டையில் இறங்கினோம்.
செய்தது சரிதானா, தெரியாது.
சொல்லாத புத்திமதிகளோடு
ஜன்னல்கள் எங்களைக் கடந்து போயின.
கண்டக்டர் விசில் ஊதினார்.
வெறும் உதட்டால் இவனும் ஊதிப் பார்த்தான்.
எச்சில்தான் வந்தது.

மண்டபத்தில் நாத்தனார்
என் கொசுவத்தைத் தூக்கிப் பார்க்கிறாள்.
"பட்டுல எப்படி அண்ணி தக்காளி விதை?"

நான் வாய் திறப்பதற்குள்
இவன் சொல்கிறான், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி:
"அம்மா பஸ்ஸுல கீழ உக்காந்துகிட்டு
எழுந்திரிக்கவே மாட்டேன்னு
ஒரே அடம்."